பதினேழு மூட்டை

விரல் சில்லிட்டுப் போனால்
தொடுதிரைக்கு என்னைத் தெரிவதில்லை.
அடுப்பில் கை காய்ச்சி
அது ஆறுவதற்குள்
ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

அப்பாவின் போன். பூண்டு வாசம்.
முக்காற்புள்ளி வேண்டுமென்றால்
விசைப்பலகையை இரண்டு முறை திருப்ப வேண்டும்.
மறந்தால் நாற்பது வரியும் நின்றுபோகும்,
காட்டெருமை குறுக்கே வந்த
பூம்பாறை பேருந்து மாதிரி.

பள்ளியில் கணினி பன்னிரண்டு, ஓடுவது ஏழு.
ஒன்றுக்கு நாலு பேர்.
எபிநேசர் தட்டுவான், சுகிர்தா சொல்லுவாள்,
ரோஸ்லின் குறிப்பெடுப்பாள்.
நான் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பேன்.
ஆடியில் ஒருநாள் மூவருக்கும் காய்ச்சல்.

ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டச் சொன்னேன்.
விரலை எடுப்பதற்குள் 5050.
மறுபடி கேட்டேன். 5050.
பத்து முறையாவது கேட்டிருப்பேன்,
ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.
எங்கள் வீட்டில்
எந்தக் கேள்வியையும் இரண்டாம் தரம் கேட்க முடியாது.

அன்று சாயங்காலம்
பேருந்துக் கண்ணாடியின் பனிமூட்டத்தில்
இஃப் எழுதினேன்.
எல்ஸ் எழுத இடம் போதாமல்
பக்கத்து கேரட் மூட்டைக்காரரைக்
கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன்.
அவர் என்னையும் கண்ணாடியையும் பார்த்தார்.
தள்ளி உட்கார்ந்தார்.

மாசியில் பூண்டு வடுகபட்டிக்கு இறங்கியது.
பதினேழு மூட்டை.
அப்பா சீட்டைக் கம்பியில் குத்தப் போனார்,
நான் வாங்கிக்கொண்டேன்.
காசுக்காக இல்லை, சத்தியமாக.
எனக்கு எண்கள் வேண்டியிருந்தன.
புத்தகத்தில் இருந்தவற்றையெல்லாம் தின்று முடித்திருந்தேன்.

மூட்டைக்கு ஒரு எடை.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு.
கிலோ நூற்றெண்பது.
எழுதினேன், ஓட்டினேன்:
என் விடை ஆயிரத்து நூற்றெழுபது ரூபாய் கூட.

தப்பு என்னிடம்தான் என்று நினைத்தேன்.
வேறெங்கே இருக்க முடியும்?
சீட்டில் முத்திரை இருக்கிறது, பிள்ளையார் சுழி இருக்கிறது.
முதல் ராத்திரி சுழற்சியை எண்ணினேன்:
பதினேழுதான், பதினெட்டு இல்லை.
இரண்டாம் ராத்திரி அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.
அதே ஆயிரத்து நூற்றெழுபது,
அசையாமல், கொஞ்சம் திமிராக.

அம்மா பரணில் தொங்கும் பூண்டுக்குப் புகை போட்டாள்.
கண் எரிந்தது.
எதற்கு அழுகிறாய் என்றாள்.
புகைக்குத்தான் என்றேன், பாதி உண்மை.

மூன்றாம் ராத்திரிதான்
சீட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஒவ்வொரு எடைக்கும் தலைமேல், எறும்பு மாதிரி, கிராம்கள்.
எழுதியிருக்கிறார்கள்.
கூட்டவில்லை.

ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: இன்ட்.
பின்னத்தை உதிர்த்துவிடச் சொல்லும் சொல்.
ஓட்டினேன்.
சீட்டின் தொகை, ரூபாய் பிசகாமல்,
திரையில் வந்து நின்றது.

அப்பாவிடம் காட்டினேன்.
"அது கழிவுல போயிருக்கும்மா."
"கழிவு தனியா ரெண்டு கிலோ போட்டிருக்காங்கப்பா.
இது அதுக்கு மேல ஆறரை."
கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
கஞ்சி எப்போதோ கலந்துவிட்டிருந்தது.
"இதுக்கா மூணு நாளாத் தூங்கல?"

ஆமாம், இதற்குத்தான்.
ஆனால் எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.
பணம் திரும்பி வருமா, தெரியாது.
கேட்டால் அடுத்த வருஷம் மூட்டையை யார் எடுப்பார், அதுவும் தெரியாது.
எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று:
மூன்று ராத்திரி
நான் அதை நம்பவில்லை.
அது மாற்றிச் சொல்லவே இல்லை.

விடிவதற்குள் அப்பா
ஆணியிலிருந்து கம்பியைக் கழற்றி
என் பாய் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.
ஒன்பது வருஷத்துச் சீட்டுகள்.

ஒவ்வொன்றாக உருவுகிறேன்.
ஒவ்வொன்றின் நடுவிலும்
கம்பி போன துளை.
துளை விழுந்த இடத்தில் ஏதோ ஒரு மூட்டையின் எடை.
நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா?
பூஜ்யம் என்று போடக்கூடாது, அது பொய்.
இல்லாத எண்ணை
இல்லை என்று எழுத
ஒரு வழி இருக்கத்தான் வேண்டும்.

கை காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.